எட்டு அங்குல ஸ்பீக்கரும் பத்துக்குப் பன்னிரண்டு அறையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டு அறையிலேயே பாட்டுப் பதிவு செய்து மிக்ஸிங்கும் முடிக்கும் இளைஞர்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை நன்றாகவே இருந்தது. கடைசிப் பத்திதான் உறுத்துகிறது. ஐந்து அங்குல வூஃபர் (கீழ் ஒலிகளுக்கான பெரிய கோன்) உள்ள மானிட்டரில், அதாவது மிக்ஸிங் ஸ்பீக்கரில், பேஸ் சரியாகக் கேட்காது, கையில் காசு சேர்ந்ததும் எட்டு அங்குலத்துக்கு மாறிவிடுங்கள் என்ற பொருளில் ஒரு யோசனை அதில் இருந்தது. அதை நம்பி யாராவது கடைக்குக் கிளம்புவதற்குள் சில கணக்குகளைச் சொல்லிவிடுகிறோம்.

பலர் வைத்திருக்கும் யமஹா எச்எஸ்5-ஐயே எடுத்துக்கொள்வோம். அட்டைப்பெட்டியில் 54 ஹெர்ட்ஸ் முதல் 30 கிலோஹெர்ட்ஸ் வரை என்று போட்டிருக்கும். அது 10 டெசிபல் குறைந்துபோன இடத்தின் கணக்கு. 3 டெசிபல் கணக்கில் பார்த்தால் அதே ஸ்பீக்கர் 74 ஹெர்ட்ஸிலேயே இறங்கத் தொடங்கிவிடுகிறது. அதே வரிசையில் எட்டு அங்குல எச்எஸ்8-க்கு இந்த எண்கள் 38-ம் 47-ம். ஆக, எட்டு அங்குலத்துக்கு மாறினால் கூடுதலாகக் கிடைப்பது 74-லிருந்து 47 வரையுள்ள ஒரு துண்டு. கிக் டிரம்மின் அடிவயிறும் பேஸ் கிட்டாரின் கீழ் ஸ்வரங்களும் அங்கேதான் இருக்கின்றன; மறுக்கவில்லை. சிக்கல் என்னவென்றால், நம் வீட்டு அறைகள் குழப்பம் செய்வதும் சரியாக அந்தத் துண்டில்தான்.

நம் ஊரில் படுக்கையறை என்றால் பெரும்பாலும் பத்துக்குப் பத்து, அல்லது பத்துக்குப் பன்னிரண்டு. கூரை உயரமும் பத்தடி. 30 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்கு 349 மீட்டர் போகும். எதிரெதிர் சுவர்களுக்கு இடையிலான தூரத்தை இரண்டால் பெருக்கி, 349-ஐ அதனால் வகுத்தால் அந்தத் திசையில் அறை எந்த அதிர்வெண்ணில் முழங்கும் என்று தெரிந்துவிடும். பத்தடிக்கு (3.05 மீட்டர்) 57 ஹெர்ட்ஸ். பன்னிரண்டடிக்கு (3.66 மீட்டர்) 48 ஹெர்ட்ஸ். இவற்றின் இரட்டிப்பான 114-லும் 95-லும் மறுபடி முழங்கும். அகலமும் உயரமும் பத்தடியாக இருந்தால் 57-ல் இரண்டு முழக்கங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துகொள்ளும். பத்துக்குப் பத்து அறையில் மூன்றுமே. மிக்ஸிங் செய்வதற்கு இதைவிட மோசமான வடிவத்தை முயன்றாலும் கட்ட முடியாது.

இந்த முழக்கம் அறை முழுக்க ஒரே மாதிரி கேட்காது. 57 ஹெர்ட்ஸ் சுவரோரத்தில் வீங்கியிருக்கும், நடு அறையில் ஏறக்குறைய காணாமல் போயிருக்கும். இடது வலது சமமாக இருக்க வேண்டும் என்பதற்காக மிக்ஸ் செய்பவர் அகலத்தின் நடுவில்தான் உட்கார்ந்தாக வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்தால் காது நான்கடி உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக வரும். பத்தடி உயரத்தில் அதுவும் நடுவை ஒட்டிய இடமே. எனவே அவர் காதுக்கு 57 குறைவாகவும் 114 தடிப்பாகவும் கேட்கும். கிக்கில் பலம் இல்லை என்று நினைத்து 57-ஐ ஐந்து டெசிபல் ஏற்றுவார், 'மண்டுகிறது' என்று 114-ஐ வெட்டுவார். காரில் போட்டால் கண்ணாடி அதிரும், போன் ஸ்பீக்கரில் போட்டால் கிக்கே இருக்காது. பழி ஐந்து அங்குலத்தின் மேல் விழும்.

எட்டு அங்குலம் வந்ததும் இது தீராது. எச்எஸ்5 அந்த 57 ஹெர்ட்ஸில் ஏற்கெனவே தளர்ந்துபோயிருந்ததால் அறையும் பாதித் தூக்கத்தில் இருந்தது. எச்எஸ்8 அதை உலுக்கி எழுப்பும். உட்காரும் இடத்தில் 57 அமுங்கிக் கேட்கும் பள்ளம் அப்படியே இருக்கும், மூலைகளும் பக்கத்து வீட்டுப் படுக்கையறையும் அதிரும். ஒரு ஸ்வரம் நின்ற பிறகும் இழுத்துக்கொண்டே போகும். அடுத்த ஸ்வரம் அதன் மேல் விழுந்து குழம்பும்.

செலவில்லாமல் இதைச் சோதிக்க வழி இருக்கிறது. மென்பொருளில் ஒரு வெறும் சைன் ஒலியை எடுத்து, எல்லா ஸ்வரத்தையும் ஒரே அழுத்தத்தில், 41 ஹெர்ட்ஸான கீழ் ஈ முதல் இரண்டு ஆக்டேவ் வரை ஒவ்வொரு கட்டையாக வாசியுங்கள். சத்தம் மிதமாகவே இருக்கட்டும். எந்த ஸ்வரம் முழங்குகிறது, எது விழுங்கப்படுகிறது என்று ஒரு தாளில் குறியுங்கள். பீரோக் கதவும் ஜன்னல் கம்பியும் எந்த ஸ்வரத்துக்குக் கூடவே பாடுகின்றன என்பதும் அப்போதே பிடிபடும். இன்னும் துல்லியம் வேண்டுமானால் ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளும் அளவீட்டு மைக் ஒன்றும் போதும். மைக்கைக் காது இருக்கும் இடத்தில் நிறுத்தி, இடது, வலது, இரண்டும் சேர்ந்து என்று மூன்று ஸ்வீப் (கீழிருந்து மேல்வரை ஏறும் சோதனை ஒலி). வரும் வரைபடத்தை 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஸ்மூத்திங் (மேடுபள்ளத்தை வழித்துக் காட்டும் வசதி) போடாமல் பாருங்கள். போட்டால் பள்ளங்கள் மறைந்து மனசுக்கு மட்டும் இதமாக இருக்கும். ஸ்வீப் ஓடும்போது மின்விசிறியை நிறுத்துங்கள். மூன்று இறக்கை விசிறி நிமிடத்துக்கு 330 சுற்று சுற்றினால் நொடிக்குப் பதினாறு பதினேழு முறை ஒலியை நறுக்குகிறது. மிக்ஸ் செய்யும்போதும் தலைக்கு நேர் மேலே விசிறி வேண்டாம். சுவர் விசிறி நல்லது.

அடுத்தது ஸ்பீக்கருக்கும் அதன் பின்சுவருக்கும் உள்ள தூரம். இதைத்தான் பலர் கவனிப்பதே இல்லை. கீழ் அதிர்வெண்கள் ஸ்பீக்கரைச் சுற்றிப் பின்னாலும் போகும். சுவரில் பட்டுத் திரும்பும் அலை, அரை அலை தாமதித்து வந்து, நேராக வருவதை அழிக்கும். எங்கே அழிக்கும் என்பதற்கான கணக்கு: வூஃபரின் முகத்திலிருந்து சுவர் வரையுள்ள தூரத்தை நான்கால் பெருக்கி, 349-ஐ அதனால் வகுக்க வேண்டும். பெட்டிக்குப் பின்னால் ஒன்றேகால் அடி விட்டு மேசையில் வைத்தால், பெட்டியின் ஆழத்தையும் சேர்த்துத் தூரம் சுமார் 60 செ.மீ. வரும். விடை 145 ஹெர்ட்ஸ். இரண்டு கட்டையில் பாடும் ஆணின் மத்திய ஸ்தாயி ஸட்ஜம் 147 ஹெர்ட்ஸ். அதாவது பாடகரின் ஆதார ஸ்வரமே பள்ளத்தில் விழுகிறது. குரலில் கனம் இல்லை என்று 150 பக்கம் ஏற்றி வைத்த எத்தனையோ பக்திப் பாடல்கள் கோயில் ஒலிபெருக்கியில் பானைக்குள்ளிருந்து பாடுவது போலக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சின்ன அறையில் இதற்கு மாற்று, ஸ்பீக்கரைச் சுவரை ஒட்டித் தள்ளுவதுதான். பின்பக்கம் துளை உள்ள மாடலாக இருந்தால் 10 செ.மீ. விடுங்கள். எச்எஸ்5-ன் ஆழம் 22 செ.மீ.; மொத்தம் 32. பள்ளம் 270 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். 145-ஐ விழுங்க நான்கு அங்குல ராக்வூல் (பாறை நார்ப் பலகை) திணறும், 270-ஐ எளிதில் விழுங்கும்; ஸ்பீக்கருக்கு இரு பக்கமும் சுவரில் ஒவ்வொரு பலகை போதும். சுவர் அருகில் வந்ததால் பேஸ் சற்றே ஊதும். அதற்காகத்தான் பின்னால் ரூம் கன்ட்ரோல் என்றொரு சுவிட்ச்: 0, -2, -4. 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே அது இறக்கும். -2-ல் தொடங்குங்கள். வாங்கிய நாள் முதல் அந்தச் சுவிட்சைத் தொடாதவர்களே அதிகம்.

பன்னிரண்டடி நீளத்தில் காது, முன்சுவரிலிருந்து நான்கரை அடியில் இருக்கட்டும். முப்பத்தெட்டு சதவீதம் என்று தொழிலில் சொல்லும் கணக்கு அது. தொடக்கப் புள்ளிதானே தவிர வேதவாக்கு இல்லை. அரையடி முன்னும் பின்னும் நகர்ந்து மறுபடி வாசித்துப் பாருங்கள். இந்த அமைப்பில் இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையே சுமார் 120 செ.மீ., ஒவ்வொன்றிலிருந்தும் காதுக்கு அதே 120 வரும். பக்கச் சுவர்களுக்கு இரண்டு பக்கமும் ஒரே தூரம். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் திறந்த கதவு என்றால் நடுவில் நிற்க வேண்டிய குரல் ஒரு பக்கம் சாயும். பெட்டியைப் படுக்க வைக்காதீர்கள். நிற்க வைக்கவென்று வடிவமைத்ததைப் படுக்க வைத்தால் தலையைச் சற்று அசைத்தாலே வூஃபரும் ட்வீட்டரும் (உச்ச ஒலிகளுக்கான சின்ன ஸ்பீக்கர்) சேரும் இடத்தில் ஒலி மாறும்.

சுவரில் பதித்த கடப்பாக் கல் அலமாரியில் ஸ்பீக்கரைச் செருகி வைப்பது நம் வீடுகளில் சகஜம். இடமும் மிச்சம், பார்க்கவும் அழகு. ஆனால் மூன்று பக்கமும் அடைத்த பொந்து அது. எந்த விலை ஸ்பீக்கரும் அதற்குள் போனால் அண்டாவுக்குள் பேசும். தனி ஸ்டாண்டுதான் வழி. வெல்டிங் பட்டறையில் மூன்று அங்குலச் சதுரக் குழாயில், அகலமான இரும்பு அடித்தட்டுடன், ட்வீட்டர் காது மட்டத்துக்கு வரும்படி செய்து வாங்கலாம். எச்எஸ்5-க்குத் தோராயமாக 95 செ.மீ. உயரம் சரியாக வரும். வெறும் குழாய் மணி போல ஒலிக்கும். சலித்து, நன்றாகக் காய வைத்த எம்-சாண்டை உள்ளே நிரப்பி வாயை மூடச் சொல்லுங்கள். ஈரமணல் போட்டால் இரண்டு மழைக்காலத்தில் குழாய் துருப்பிடித்துவிடும். விரலால் தட்டினால் 'டங்' என்று கேட்கக்கூடாது, 'டொக்' என்று கேட்க வேண்டும்.

ஒலியை அடக்கும் என்று சுவரில் ஒட்டும் முட்டை அட்டை பற்றிப் பேசவே வேண்டியதில்லை. ஒரு அங்குல ஃபோமை நான்கு சுவரிலும் ஒட்டுவது அதைவிடக் கெடுதல், ஏனென்றால் அது வேலை செய்வது போலத் தோன்றும். உச்ச ஒலிகளை மட்டும் அது தின்றுவிடும், பேஸ் அப்படியே முழங்கும். அறை மந்தமாகக் கேட்பதால் மிக்ஸில் டிரெபிளை ஏற்றுவீர்கள். வெளியே கேட்டால் பாடகியின் 'ஸ்' ஊசியாய்க் குத்தும். தீப்பிடித்தால் ஃபோமின் புகை ஆளைக் கொல்லும் என்பது வேறு. பூஜை விளக்கும் அதே அறையில் எரியும் வீடுகள் உண்டு.

ராக்வூல் எரியாது. கன மீட்டருக்கு 48 அல்லது 64 கிலோ அடர்த்தியுள்ள இரண்டு அங்குலப் பலகைகளை இரண்டாக அடுக்கி, மரச் சட்டத்தில் பொருத்தி, காடாத் துணியால் மூட வேண்டும். துணியை வாயருகே பிடித்து ஊதினால் காற்று மறுபக்கம் வர வேண்டும். ரெக்ஸினும் தடித்த திரைச்சீலையும் உதவாது. வெட்டும்போது கையுறை, முகக்கவசம், முழுக்கைச் சட்டை. அதே துணியால் பின்பக்கத்தையும் மூடுங்கள், இல்லையென்றால் நார் உதிரும். எங்கே மாட்டுவது? நீங்கள் நாற்காலியில் உட்கார, ஒருவர் பக்கச் சுவரோடு முகம் பார்க்கும் கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போகட்டும். கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரியும் இடம்தான் முதல் எதிரொலி வரும் இடம். இரு பக்கச் சுவரிலும் கூரையிலும் அந்த இடங்களை மூடுங்கள். சுவருக்கும் பலகைக்கும் நான்கு அங்குல இடைவெளி விட்டால் அதே பலகை இன்னும் கீழே வரை வேலை செய்யும். மிச்சப் பலகைகளை மூலைகளில் தரை முதல் கூரை வரை குறுக்காக நிறுத்துங்கள்; பேஸ் முழக்கம் குறைவது அங்கேதான். மொத்தம் எட்டு முதல் பத்துப் பலகை ஆகும். ஒரு ஜோடி எட்டு அங்குல மானிட்டருக்கும் ஐந்து அங்குல மானிட்டருக்கும் உள்ள விலை வித்தியாசத்தில் இதன் பெரும்பகுதியை முடித்துவிடலாம்.

அதிர்வெண்களை ஏற்றி இறக்கும் ஈக்யூ மென்பொருள் எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று விற்கிறார்கள். மேட்டை வெட்ட அது உதவும். பள்ளத்தை அதனால் நிரப்ப முடியாது: நேர் அலை எவ்வளவு ஏறுகிறதோ அதை அழிக்கும் அலையும் அவ்வளவு ஏறும். 10 டெசிபல் ஏற்றினால் ஆம்ப்ளிஃபயர் பத்து மடங்கு சக்தி தர வேண்டும். பள்ளம் அப்படியே இருக்கும், வூஃபர்தான் துள்ளும்.

சத்தத்தின் அளவும் ஒன்று உண்டு. ஒரே மிக்ஸ், சத்தம் கூடினால் பேஸ் அதிகமாகவும் குறைந்தால் பேஸ் இல்லாமலும் காதுக்குத் தோன்றும். ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து சொன்ன விஷயம். அதனால் ஒரு நிலையான அளவை வைத்துக்கொள்ள வேண்டும். -20 டெசிபலில் பிங்க் நாய்ஸ் என்ற சோதனை இரைச்சலை ஒரு நேரத்தில் ஒரு ஸ்பீக்கரில் மட்டும் ஓடவிட்டு, சத்தம் அளக்கும் மீட்டரை சி வெயிட்டிங், ஸ்லோ என்ற அமைப்பில் வைத்து அளக்க வேண்டும். 1,500 கன அடிக்குக் குறைந்த அறைக்கு அமெரிக்க ஒளிபரப்புப் பரிந்துரையான ஏடிஎஸ்சி ஏ/85 சொல்லும் அளவு 76 டெசிபல். பத்து, பன்னிரண்டு, பத்து பெருக்கினால் 1,200 கன அடி; ஆகவே நமக்கும் அதுதான். இன்டர்ஃபேஸ் (கணினியையும் ஸ்பீக்கரையும் இணைக்கும் ஒலிப்பெட்டி) குமிழில் அந்த இடத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள்.

ஸ்பீக்கரில் 'ம்' என்றும் 'ஜ்' என்றும் வரும் இரைச்சலுக்காக ஸ்பீக்கரையே மாற்றுபவர்களும் இருக்கிறார்கள். முதலில் மின்விசிறியை அணைத்துப் பாருங்கள். பழைய எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் வேகத்தைக் குறைக்க மின் அலையை நறுக்குவதால் அந்த 'ஜ்' வரும். படிப்படியாகத் திரும்பும் கெபாசிட்டர் ரெகுலேட்டர் மாற்றினால் போய்விடும். லேப்டாப் சார்ஜரைக் கழற்றியதும் இரைச்சல் நின்றால் அது கிரவுண்ட் லூப் (எர்த் இணைப்புகள் வளையமாகச் சுற்றி வருவது). கணினி, இன்டர்ஃபேஸ், இரண்டு ஸ்பீக்கர் எல்லாவற்றுக்கும் ஒரே ஸ்பைக் பஸ்டரிலிருந்து மின்சாரம் கொடுங்கள். ஆர்சிஏ கேபிளை விட்டுவிட்டு இரண்டு முனையிலும் டிஆர்எஸ் (மூன்று தொடுமுனை பிளக்) உள்ள, வெளி இரைச்சலைத் தள்ளும் பேலன்ஸ்டு கேபிள் போடுங்கள். இரைச்சலை நிறுத்த எர்த் பின்னை வெட்டுகிறார்கள். இரைச்சல் நிற்கும், ஒருநாள் ஆளுக்கும் ஷாக் அடிக்கும். வெட்டவே கூடாது. சதுர அலை இன்வெர்ட்டரும் உறுமும். சைன் அலை இன்வெர்ட்டர் வேண்டும்.

இத்தனையும் செய்த பிறகும் மாற்ற வேண்டிய தேவை உண்மையாகவே வரலாம். பின்னணி இசையும் 808 பேஸும் (டிரம் மெஷினின் ஆழமான பேஸ் ஒலி) தினசரி வேலையாக இருந்தால் 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே காது வேண்டும். அறை பதினான்குக்குப் பதினெட்டு என்று இருந்தால் ஐந்து அங்குலம் மூச்சு வாங்கும். ஆனால் அப்போதும் அங்குலத்தை மட்டும் எண்ணாதீர்கள். ஜெனெலெக் 8030-லும் ஐந்து அங்குல வூஃபர்தான், நாய்மன் கேஎச் 120-லும் ஐந்தேகால்தான். இரண்டுமே எச்எஸ்8-ஐ விட விலை அதிகம். இந்த விலை நடு அலைவரிசையின் தெளிவுக்கும் நேர்த்தியான ஒலிப்பரவலுக்கும். மிருதங்கத்தின் தொப்பிக் கும்கியும் வயலினும் குரலும் ஒன்றையொன்று மிதிக்காமல் பிரிந்து கேட்பது அங்கேதான் தீர்மானமாகிறது. பழைய ஸ்டுடியோ புகைப்படங்களில் வெள்ளைக் கோனோடு தெரியும் யமஹா என்எஸ்-10, 1978-ல் வீட்டு ஸ்பீக்கராக வந்து, 2001-ல் உற்பத்தி நிற்கும் வரை உலகமெங்கும் மிக்ஸிங் மேசைகளில் உட்கார்ந்திருந்தது. பேஸ் குறைவு, மூடிய பெட்டி. ஒலி நின்றால் அதுவும் உடனே நிற்கும். அதை வைத்துத்தான் வேலை நடந்தது. சின்ன அறைக்காரர்கள் 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைச் சரிபார்க்க நல்ல ஹெட்போன் ஒன்றை வைத்துக்கொள்வதே சிக்கனம். ஹெட்போனுக்கு அறை கிடையாது.

பழைய ஸ்பீக்கர் வாங்குபவர்களுக்கு: கோனைச் சுற்றியுள்ள வளையம் ஃபோமா ரப்பரா என்று பாருங்கள். நம் வெக்கையில் ஃபோம் சில வருடங்களில் பொடியாக உதிரும். மின்சாரம் இல்லாத நேரத்தில் நான்கு விரலால் கோனைச் சீராக அழுத்துங்கள். உரசல் கேட்டால் காயில் கெட்டுவிட்டது. ஒரு குரலை மோனோவில் (இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலியாக) ஓடவிட்டால் அது இரண்டு பெட்டிக்கும் நட்டநடுவில் நிற்க வேண்டும், பக்கம் சாய்ந்தால் ஒன்றில் ஏதோ மாற்றியிருக்கிறார்கள். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவருவதாக இருந்தால் பின்புற லேபிளில் 100-240 என்று இருக்கிறதா, வெறும் 120 மட்டுமா என்று முதலில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 120 மட்டும் உள்ளதை நம் 230-ல் நேராகச் செருகினால் நல்லவேளையாக இருந்தால் ஃப்யூஸ் போகும், இல்லையென்றால் பவர் சப்ளையே போகும்.

ஒரு வேண்டுகோள். கட்டுரையோடு வந்த விலைப்பட்டியலில் எல்லா மாடலுக்கும் அங்குலமும் வாட்டும் மட்டும் இருந்தன. அடுத்த முறை 3 டெசிபல் கணக்கிலான அதிர்வெண், பெட்டியின் ஆழம், துளை முன்னாலா பின்னாலா, சுவர் அருகில் வைக்க டிரிம் சுவிட்ச் உண்டா என்ற நான்கு கட்டங்களையும் சேர்த்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒலிப்பதிவு, மிக்ஸிங் தொழிலில் உள்ள இரு வாசகர்கள்,
சாலிகிராமம், சென்னை - 600093